வரம்பைத் தாண்டிய வரைவு: 2000 சொற்களுக்குள் கொண்டுவரும் வழிகளில் எது தக்கது?

பிரிட்டனில் முதுநிலைப் படிப்பில் சேரும் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர், முதல் பருவத்து ஒப்படைப்புக் கட்டுரையை எழுதும்போதே சொல் வரம்பு என்ற விதியைச் சந்திக்கிறார்கள். கட்டுரை 2000 சொற்களுக்குள் அமைய வேண்டும் என்று பாடக் கையேடு சொல்கிறது. வரைவோ 2800 சொற்களில் வந்து நிற்கிறது. கூடுதல் விடைத்தாள் வாங்கி எழுதுவதை உழைப்பின் அடையாளமாகக் கருதும் தேர்வுப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, அதிகமாக எழுதியதற்காகவே மதிப்பெண் குறையும் என்பதை ஏற்கச் சற்றுக் காலம் பிடிக்கும். அந்த நிலையில் அவர் செய்யக்கூடியவை சில உண்டு. பத்து விழுக்காடு மீறலைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பி அப்படியே அனுப்பலாம். வாக்கியந்தோறும் சொற்களைக் குறைக்கலாம். ஒரு பகுதியை அட்டவணைக்கோ பின்னிணைப்புக்கோ நகர்த்தலாம். மென்பொருளிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லலாம். ஒரு பகுதியை முழுவதுமாக நீக்கலாம். அல்லது கட்டுரையின் கேள்வியையே குறுக்கி மீண்டும் அமைக்கலாம். இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. மாணவர்களின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லிவருபவன் என்ற முறையில், கடைசியாகச் சொன்ன வழியே பெரும்பாலும் சிறந்தது என்றும், பெரும்பாலோர் அதைத்தான் கடைசியாகவும் நினைக்கிறார்கள் என்றும் கருதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எந்த விதியின்கீழ் எழுதுகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் வரம்பு என்ற பெயரில் வெவ்வேறு விதமான விதிகள் புழங்குகின்றன. இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தின் நீள்கட்டுரைக்கு 4000 சொற்கள் மேல்வரம்பு. அதைத் தாண்டிய பகுதியைத் தேர்வாளர் படிப்பதில்லை. ஆகவே வரம்பை மீறிய மாணவர் முதலில் இழப்பது தம் முடிவுரையைத்தான். பிரிட்டிஷ் இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்பின் தன்விளக்கத்தில் சொற்களுக்குப் பதிலாக எழுத்துகளே எண்ணப்படுகின்றன. இடைவெளியும் சேர்த்து 4000 எழுத்துகளுக்கு மேல் படிவமே ஏற்காது. நம் நாட்டுக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் முதல் மூன்று பொதுஅறிவுத் தாள்களில் பத்து மதிப்பெண் வினாவுக்கு 150 சொற்கள், பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு 250 சொற்கள் என்று வரையறை உண்டு. அங்கு மூன்று மணி நேரத்தில் இருபது வினாக்களை முடித்தாக வேண்டியிருப்பதால் கடிகாரமே அந்த வரம்பைக் காவல் காக்கிறது. பல்கலைக்கழக ஒப்படைப்புகளிலோ துறைக்குத் துறை விதி மாறும். சில துறைகள் பத்து விழுக்காடு வரை பொறுக்கின்றன, சில ஒரு சொல்லைக்கூடப் பொறுப்பதில்லை. சில மதிப்பெண்ணைக் கழிக்கின்றன, சில வரம்போடு படிப்பதை நிறுத்திக்கொள்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்த கட்டடத்தில் படிக்கும் நண்பர் சொல்வது நம் பாடத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

எதை எண்ணுகிறார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். நூற்பட்டியல் பொதுவாக எண்ணிக்கையில் சேராது. ஆனால் வாக்கியத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் வரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பல துறைகளில் எண்ணப்படுகின்றன. அத்தகைய குறிப்புகள் நாற்பது இருந்து, ஒவ்வொன்றும் மூன்று சொல் பிடித்தால், 120 சொற்கள் அங்கேயே செலவாகிவிடும். சட்டத் துறைகள் அடிக்குறிப்பு முறையைப் பின்பற்றுவதால் அங்கு இந்தக் கணக்கு வேறு. மைக்ரோசாஃப்ட் வேர்டில் சொல்லெண்ணிக்கைப் பெட்டியைத் திறந்தால், உரைப்பெட்டிகளையும் அடிக்குறிப்புகளையும் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்பதற்கு ஒரு தெரிவு இருக்கும். அதைப் பாராமல் கிடைத்த எண்ணை நம்புகிறவர்கள் நிறையப் பேர். தமிழில் எழுதப்படும் ஒப்படைப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி இடைவெளியைக் கொண்டே சொல்லை எண்ணுவதால், துணைவினைகளைச் சேர்த்து எழுதுபவருக்கும் பிரித்து எழுதுபவருக்கும் ஒரே பத்தியில் வெவ்வேறு எண்கள் வரும். எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை ஒட்டி எழுதுவது படிப்பவரைத் துன்புறுத்துவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

இனி ஒரு வரைவை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பொதுக் கொள்கை படிக்கும் மாணவி ஒருவருக்கு, ஓர் அரசுத் திட்டம் தன் நோக்கத்தை எட்டியதா என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு 2000 சொற்களில் ஆராயும் பணி தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தமிழ்நாட்டின் பள்ளி உணவுத் திட்டத்தைத் தேர்ந்துகொள்கிறார். வரைவின் முன்னுரை 400 சொற்கள். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய முயற்சிக்கு 350. 1956இல் காமராசர் ஆட்சியில் பொதுமக்களின் நன்கொடையோடு விரிந்த மதிய உணவுக்கு 300. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கு 700, 1995இல் வந்த தேசியத் திட்டத்துக்கும், சமைத்த உணவே தர வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணைக்குமாக 500, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு 350, முடிவுரைக்கு 200. ஆக 2800. எந்தத் தகவலும் தவறில்லை, எந்தப் பத்தியும் சோம்பலாக எழுதப்பட்டதில்லை. அதனால்தான் எதை விடுவது என்று முடிவெடுப்பது கடினமாகிறது.

முதல் வழியான, பத்து விழுக்காட்டை நம்பி அனுப்புவது, இந்த வரைவுக்கு உதவவே உதவாது. சலுகை உண்டென்றாலும் 2200 வரைதான் அது செல்லும். அந்தச் சலுகை எழுத்தில் இருக்கும் துறையில், முழுமையான வாதம் 2090 சொற்களில் முடிகிறது என்றால், அதைச் சிதைக்காமல் விடுவதில் பிழையில்லை. சலுகையை முன்கூட்டியே தம் பங்காகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு எழுதுவதுதான் ஆபத்தானது. 2200ஐ இலக்காக வைப்பவர் 2300இல் முடிப்பதையே பார்க்கிறோம்.

வாக்கியந்தோறும் சொற்களைக் குறைப்பது எல்லோரும் முதலில் கையிலெடுக்கும் வழி. அதற்கென ஒரு சிறப்பு உண்டு: வேறெந்த வழியை மேற்கொண்டாலும் இறுதியில் இதையும் செய்தே ஆக வேண்டும். மாணவர் வரைவுகளில் அடிக்கடி காணப்படும் மிகைகளை எளிதில் இனங்காணலாம். "இக்கட்டுரை முதலில் இதையும் பின்னர் அதையும் ஆராயும்" என்ற அறிவிப்பு முன்னுரையிலும், "மேலே கண்டவாறு" என்ற நினைவூட்டல் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் வரும். மேற்கோளைத் தந்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதையே தம் சொற்களில் திரும்பச் சொல்வார்கள். பொருளில் வேறுபாடில்லாத இரு பெயரடைகளை இணைத்து எழுதுவார்கள். கவனமாகச் செய்தால் இவற்றை நீக்குவதன் மூலம் ஒரு வரைவின் பத்தில் ஒரு பங்கு வரை குறையும், கட்டுரையும் தெளிவு பெறும். நம் மாணவியின் முன்னுரை இந்த முறையிலேயே 400இலிருந்து 250க்கு இறங்கிவிடக்கூடும்.

ஆனால் அவர் குறைக்க வேண்டியது 800 சொற்கள், அதாவது வரைவில் கால் பங்குக்கும் மேல். அந்த அளவை வாக்கியங்களிலிருந்து மட்டும் எடுக்க முயலும்போது கை வைக்கப்படுவது மிகைகளில் அல்ல. "சில மாவட்டங்களில்" என்ற வரையறை போகும். "ஆனால்" என்று தொடங்கும் மறுப்பு போகும். ஒரு புள்ளிவிவரம் எந்த ஆண்டுக்கு உரியது என்ற குறிப்பு போகும். ஏழு பகுதிகளும் அப்படியே இருக்கும், ஏழும் மெலிந்திருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணுகிறது. அவற்றுள் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் இடம்பெறுகின்றன. ஆயினும் பட்டியலின் தொடக்கத்தில் நிற்பது குன்றக் கூறல். அளவுக்கு மேல் செதுக்கிய வரைவு மிகை என்ற குற்றத்திலிருந்து தப்பிக் குறை என்ற குற்றத்தில் விழுகிறது. மதிப்பிடுபவர் பார்வையில் இரண்டாவதுதான் பெரியது, ஏனெனில் அங்கே குறைந்திருப்பது சிந்தனை.

அட்டவணைக்கும் பின்னிணைப்புக்கும் நகர்த்துவது விதியைப் பொறுத்தது. முன்பு சொன்ன இன்டர்நேஷனல் பேக்கலோரியட் நீள்கட்டுரையில் அட்டவணைகளும் வரைபடங்களும் எண்ணிக்கையில் சேர்வதில்லை. பல பல்கலைக்கழகத் துறைகளில் சேரும். சேராத இடத்திலும், ஒரு பொருள் இயல்பாகவே அட்டவணைக்கு உரியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திட்டம் தொடங்கிய ஆண்டு, அது எட்டிய வயதினர், உணவின் வகை ஆகியவற்றை 1956க்கும் 1982க்கும் 2022க்கும் ஒரே பார்வையில் ஒப்பிட அட்டவணை பொருத்தமானது. அதை வாக்கியங்களாக எழுதுவதுதான் வீண். ஆனால் ஒரு வாதத்தைத் துண்டாக்கிக் கட்டங்களுக்குள் நிரப்பினால், அதைப் படிப்பவர் விதியை ஏய்க்கும் முயற்சியாகவே பார்ப்பார். பின்னிணைப்பில் வைப்பது இன்னும் பலவீனமானது. நேர்காணல் வினாநிரல், முழுத் தரவு போன்று சான்றாக நிற்கும் பொருள்களுக்கே அது உரிய இடம். தேர்வாளர் பின்னிணைப்பைப் படிக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதால், வாதத்துக்கு இன்றியமையாத எதையும் அங்கே வைக்கக் கூடாது. இன்றியமையாதது அல்ல என்றால் அது எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வியும் எழுகிறது.

அண்மைக் காலத்தில் பலரும் நாடுவது மென்பொருளிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லும் வழி. இதில் முதலாவதாகப் பார்க்க வேண்டியது அனுமதி. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதைப் பாடக் கையேடுகள் இப்போது தனித்தனியே சொல்கின்றன. சொல்லாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது மாணவரின் பொறுப்பு. அனுமதி இருந்தாலும் ஒரு பெருங்குறை உண்டு. "1982க்குப் பிறகு சில மாவட்டங்களில் பள்ளிச் சேர்க்கை உயர்ந்ததாகத் தெரிகிறது, எனினும் பள்ளி வசதிகள் பெருகியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், உயர்வு முழுவதையும் உணவுத் திட்டத்தின் கணக்கில் சேர்க்க இயலாது" என்று மாணவி எழுதியிருக்கிறார். இதைச் சுருக்கும் கருவி "1982க்குப் பிறகு உணவுத் திட்டத்தால் சேர்க்கை உயர்ந்தது" என்று தந்துவிடக்கூடும். சொற்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன, கூற்றோ நேர்மாறாகிவிட்டது. இந்த வழியைத் தேர்பவர் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகும் நேரத்தில் தாமே சுருக்கிவிடலாம். எதை விடலாம் என்று தேர்வதே ஒப்படைப்பு கற்பிக்க விரும்பும் திறன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை.

மீதமுள்ள இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறானவை. ஒரு பகுதியை முழுவதுமாக நீக்குவது விரைவானது. நம் மாணவி தேசியத் திட்டம் பற்றிய 500 சொற்களையும் 1920 பற்றிய 350 சொற்களையும் எடுத்துவிட்டால் கட்டுரை 1950க்கு வந்துவிடும். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துரைக்கும் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் ஒன்று. தமிழ்நாட்டுத் திட்டம் நோக்கத்தை எட்டியதா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்ற ஆணையின் விவரம் விடை தராது என்பதால், அதை நீக்குவது நியாயமே. சமர்ப்பிக்க ஓர் இரவே மிஞ்சியிருக்குமானால் நான் இதையே பரிந்துரைப்பேன். ஏழு பகுதிகளையும் சுரண்டுவதைவிட இரண்டை விட்டு ஐந்தைக் காப்பது மேல். செய்யும்போது ஓர் எச்சரிக்கை தேவை: நீக்கிய பகுதியைச் சுட்டும் சொற்கள் முன்னுரையிலும் முடிவுரையிலும் தங்கிவிடும். இல்லாத பகுதியை முன்னுரை அறிவிப்பதைப் போல அவசரத்தை வெளிக்காட்டுவது வேறில்லை.

இருப்பினும் இந்த நீக்கத்துக்குப் பிறகும் கட்டுரை வரலாற்று வரிசையாகவே இருக்கிறது: 1956, 1982, 2022. திட்டம் நோக்கத்தை எட்டியதா என்ற கேள்விக்கு விடை சொல்ல அதில் ஒதுக்கப்பட்ட இடம் 1982 பற்றிய 700 சொற்களுக்குள் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. வரம்பை மீறியது நோயின் அறிகுறிதான். நோய் கேள்வியின் அகலத்தில் இருந்தது. நூறாண்டு வரலாற்றை ஒரு கட்டுரைக்குள் கொண்டுவர முடிவெடுத்த நாளிலேயே 2800 சொற்கள் உறுதியாகிவிட்டன.

கேள்வியைக் குறுக்குவது என்றால், அந்த மாணவி தமக்குத் தாமே இப்படி ஒரு கேள்வியை அமைத்துக்கொள்வது: 1982ஆம் ஆண்டின் விரிவாக்கம், அதன் முதல் பத்தாண்டுகளில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கையையும் வருகையையும் உயர்த்தியது என்று சொல்லப் போதிய சான்று இருக்கிறதா? இப்போது 1920உம் 1956உம் பின்னணியாக இரண்டு வாக்கியங்களில் அடங்கும். 1995, 2001, 2022 ஆகியவை தாமாகவே வெளியேறும். வெளியேறிய இடத்தில் முன்பு இடமில்லாமல் நின்ற பொருள்கள் உள்ளே வரும். பதிவேட்டில் பெயர் இருப்பதற்கும் பிள்ளை அன்றாடம் பள்ளிக்கு வருவதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படி அளப்பது என்று அவர் எழுதலாம். ஊட்டம், பள்ளி வருகை, சத்துணவு மையங்களில் பெண்களுக்குக் கிடைத்த வேலை என்று ஒரே திட்டத்துக்குப் பல பயன்கள் இருக்கும்போது, எதை நோக்கம் என்று கொண்டு அளப்பது என்று வாதிடலாம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் உண்ணும் பழக்கம் சேர்க்கைக் கணக்கில் தெரியாத விளைவு என்பதையும், அதை மதிப்பீட்டில் சேர்க்கலாமா கூடாதா என்பதையும் நேரடியாகக் கேட்கலாம். மதிப்பெண் தருபவர் தேடுவது இவற்றைத்தான். பழைய வரைவில் தகவல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் இவற்றில் ஒன்றுகூட ஒரு பத்தி அளவுக்கு வளரவில்லை.

இந்த வழியின் விலையையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எழுதியதில் பாதி போய்விடும். புதிதாகச் சில நூறு சொற்கள் எழுத வேண்டும். அதற்கு மூன்று நான்கு நாள்களாவது இருக்க வேண்டும். தேடிப் படித்துச் சேர்த்த பொருளைக் கைவிடும் வருத்தம் சிறியதல்ல. நீக்கியவற்றைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால் பின்னால் ஆய்வேட்டுக்குப் பயன்படும். 10,000 சொல்லுக்கு மேல் போகும் முதுநிலை ஆய்வேடு பெரும்பாலும் அதே படிப்பின் இறுதியில்தான் வருகிறது. இன்னொன்று, கேள்வியைக் குறுக்க எப்போதும் உரிமை இருப்பதில்லை. ஆசிரியர் வினாவை முழுமையாக வகுத்துத் தந்து, 1956 முதல் இன்று வரை மதிப்பிடுக என்று கேட்டிருந்தால், காலத்தைச் சுருக்குவது வினாவையே மாற்றுவதாகும். அங்கே அகலத்தை ஏற்றுக்கொண்டு, எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை மட்டும், எடுத்துக்காட்டாகப் பள்ளி வருகையை மட்டும், வைத்துக்கொண்டு எழுதலாம். அதுவும் ஒருவகைக் குறுக்கமே. காலத்தைத் தொடாமல் நோக்கை ஒடுக்குகிறது. எது அனுமதிக்கப்படும் என்ற ஐயம் வந்தால் பாட ஆசிரியருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். கேட்கத் தயங்கும் நம் மாணவர்கள், அங்கே அப்படிக் கேட்பது வழக்கமான ஒன்று என்பதை அறிந்திருப்பது நல்லது.

ஆகவே தேர்வு பெரும்பாலும் இரண்டு எண்களைப் பொறுத்தது: எவ்வளவு மீறியிருக்கிறோம், எத்தனை நாள் இருக்கிறது. மீறல் 200 சொற்களுக்குள் என்றால் வாக்கியங்களைச் செதுக்கினால் போதும். வேறெதையும் தேட வேண்டியதில்லை. 800 சொற்கள் மீறி, ஒரு வாரம் இருந்தால் கேள்விக்குத் திரும்ப வேண்டும். அதே 800க்கு ஓர் இரவுதான் இருந்தால், விடைக்கு நேரடியாக உதவாத பகுதியை முழுதாக எடுத்துவிட்டு, மிஞ்சியதில் முடிவுரையைச் சற்றே வலுப்படுத்தலாம். இடைப்பட்ட மீறல்களில் ஒரு சோதனை உதவும்: ஒவ்வொரு பத்தியும் கேள்விக்கு என்ன விடை தருகிறது என்று ஓரத்தில் ஒரே வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வரியை எழுத முடியாத பத்திகள் சேர்ந்து எத்தனை சொற்கள் வருகின்றன என்று கணக்கிட்டால், மீறலின் பெரும்பகுதி அங்கேயே இருப்பதைப் பல வரைவுகளில் கண்டிருக்கிறேன்.

கேள்வியைக் குறுக்கியவர்களுக்குச் சில நேரம் எதிர்மாறான கவலை வரும்: கட்டுரை 1750 சொற்களில் முடிந்துவிட்டதே, 2000 வரை நிரப்ப வேண்டாமா? மேல்வரம்பு மட்டும் விதியாக இருக்கும் இடத்தில் நிரப்ப வேண்டியதில்லை. கீழ்வரம்பும் உண்டா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டால் போதும். உண்டென்றால், நீக்கிய வரலாற்றை மீண்டும் உள்ளே கொண்டுவராமல், தம் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடிய மிக வலுவான கருத்து எது என்று தேடி, அதற்கு அந்த 250 சொற்களில் விடை எழுதலாம். பெரும்பாலான மாணவர் கட்டுரைகளில் அந்தப் பத்தி இருப்பதே இல்லை.